வாசகர் கேள்வி–பதில்: நீரடி ஹாக்கியில் வட்டு ஏன் போகவேண்டிய இடத்துக்குப் போவதில்லை?

இந்த மாதம் வந்த கடிதங்களில் நீரடி ஹாக்கி தொடர்பானவற்றைத் தனியே எடுத்து வைத்தபோது, ஊர்கள் வேறாக இருந்தாலும் குறை ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதைக் கண்டேன். எல்லாரும் நீந்துகிறார்கள், மூழ்குகிறார்கள், வட்டை எட்டிப் பிடிக்கவும் செய்கிறார்கள்; ஆனால் அதைத் தோழரிடம் சேர்ப்பதற்குள் ஆட்டம் கைநழுவிப் போய்விடுகிறது. ஆகவே இம்முறை பாஸ் கொடுப்பதைப் பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

ஆட்டத்தைப் பார்த்திராதவர்களுக்காகச் சில வரிகள். அணிக்குப் பத்துப் பேர். அவர்களில் ஆறு பேர் நீருக்குள் ஆட, நால்வர் மாற்றாட்டக்காரர்களாக வெளியே காத்திருப்பார்கள். கண்ணையும் மூக்கையும் மூடும் மாஸ்க், மேற்பரப்பில் மூச்சு வாங்க உதவும் குழாயான ஸ்நார்கல், காலில் அணியும் துடுப்பான ஃபின், ஒரு கைக்கு உறை, தோசைத் திருப்பி அளவே உள்ள குட்டை மட்டை ஆகியவற்றோடு, மூச்சை அடக்கிக் குளத்தின் அடித்தரைக்கு இறங்கி, பிளாஸ்டிக் பூசிய ஈய வட்டைத் தள்ளிச் சென்று, எதிர்ப் பக்கத்துத் தரையில் கிடக்கும் 3 மீட்டர் அகல உலோகத் தொட்டிக்குள் சேர்க்கவேண்டும். பாதிக்கு 15 நிமிடங்களாக இரண்டு பாதிகள். நீருக்கடியில் குரல் கொடுக்க வழியில்லை என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

கேள்வி (சிங்கப்பூரிலிருந்து ஒரு மாணவர்): மூன்று மாதங்களாகப் பயிற்சிக்குப் போகிறேன். என் அணியின் மூத்த ஆட்டக்காரர்கள் அசையாமல் இருப்பது போலத் தோன்றும், ஆனால் வட்டு மூன்று மீட்டர் போய்விடுகிறது. நான் முழு பலத்தோடு அடித்தாலும் ஒரு மீட்டரைத் தாண்டுவதில்லை. கைக்கு உடற்பயிற்சி செய்தால் சரியாகுமா?

பதில்: "அடித்தாலும்" என்று எழுதியிருக்கிறீர்கள், கோளாறு அந்தச் சொல்லில்தான் இருக்கிறது. தரையில் ஆடும் ஹாக்கியில் மட்டையைப் பின்னால் ஓங்கி வேகம் சேர்த்து அடிக்கிறோம், காற்று அதற்கு இடம் கொடுக்கிறது. நீர் இடம் கொடுக்காது. மட்டையின் வேகம் இரண்டு மடங்கானால் நீரின் எதிர்ப்பு ஏறக்குறைய நான்கு மடங்காகும். ஆகவே நீங்கள் எவ்வளவு வேகமாக ஓங்குகிறீர்களோ அவ்வளவுக்கு உங்கள் பலம் தண்ணீரைக் கலக்குவதிலேயே செலவாகிவிட, வட்டைத் தொடும் நேரத்தில் மட்டையில் மிச்சம் இருப்பது ஒரு தட்டல் மட்டுமே. வட்டோ இலேசான பொருள் அல்ல. சுமார் 8 சென்டிமீட்டர் விட்டமும் 3 சென்டிமீட்டர் தடிமனும் கொண்ட அந்தச் சின்னப் பொருள் 1.3 கிலோ எடையுள்ளது, அதாவது மளிகைக் கடைத் தராசின் ஒரு கிலோ எடைக்கல்லைவிடக் கனமானது. நீருக்குள் போனால் எடை குறையுமே என்று கேட்பீர்கள். அது விலக்கும் நீரின் அளவைக் கணக்கிட்டால் 150 கிராம்தான் குறையும். ஒரு தட்டலுக்கு அது எப்படி அசையும்?

வட்டை அடிக்கக்கூடாது, எடுத்துக்கொண்டு போய் விடவேண்டும். மூத்தவர்களின் மட்டையை அடுத்த முறை பக்கத்தில் போய்ப் பாருங்கள். பாஸ் தொடங்கும்போது வட்டு மட்டையின் நுனியில் இருக்காது. கைக்கு அருகில், மட்டையும் கையுறையும் சேரும் மூலையில் ஒட்டி இருக்கும். வலக்கைக்காரர் என்றால் மட்டையின் இடது விளிம்பில் வட்டை வைத்து, முதலில் அதை வலத் தோளுக்கு வெளியே கொஞ்சம் இழுத்துக்கொள்வார். பிறகு தோள் திரும்பும், அதைத் தொடர்ந்து முழங்கை நீளும், எல்லாவற்றுக்கும் கடைசியில் மணிக்கட்டு ஒரு சொடுக்குச் சொடுக்கும். இந்த நேரம் முழுவதும் வட்டு மட்டையை விட்டு விலகாமல், மூலையிலிருந்து நுனி வரை விளிம்பு நெடுக உருண்டு வந்து, நுனியைத் தாண்டும் கணத்தில் விடுபடும். மட்டையின் நுனி எந்தத் திசையைக் காட்டி நிற்கிறதோ அந்தத் திசையில்தான் வட்டு போயிருக்கும். கேரம் ஆடிப் பழகியவர்களுக்கு விரலால் சுண்டும் பழக்கம் இங்கேயும் எட்டிப் பார்க்கும். சுண்டுவதில் தொடுகை ஒரு கணம்தான், இதில் தொடுகை எவ்வளவு நீள்கிறதோ அவ்வளவு வேகம் வட்டுக்குச் சேர்கிறது.

அடுத்தது உடம்பு. புதியவர்கள் பெரும்பாலும் தலை கீழும் கால் மேலுமாக, கிணற்றில் விழுந்த வாளியை எடுப்பவர் போலச் செங்குத்தாக நின்று தள்ளுகிறார்கள். வட்டை ஒரு பக்கம் தள்ளும்போது உடம்பு மறுபக்கம் நகரும் என்பதால், தரையில் காலூன்ற முடியாத இந்த ஆட்டத்தில் அந்த எதிர்விசையை ஃபின்கள்தான் தாங்கவேண்டும். மார்பு தரையை ஒட்டி, உடம்பு நீட்டிக் கிடந்து, பாஸ் கொடுக்கும் கணத்திலும் கால்கள் உதைத்துக்கொண்டே இருந்தால் மட்டுமே தோளின் திருப்பம் வட்டுக்குப் போய்ச் சேரும். இல்லையென்றால் வட்டு அங்கேயே கிடக்க நீங்கள் திரும்பிக்கொண்டிருப்பீர்கள். மட்டையின் கீழ் விளிம்பு தரையைத் தொட்டே இருக்கட்டும். அது சற்று எழும்பினாலும் வட்டு ஒரு பக்கம் சாய்ந்து, விளிம்பில் உருண்டு, வளைந்து எங்கோ போய்விடும்.

பயிற்சிக்கு, ஆழம் குறைந்த பகுதியில் ஒரு தோழரை ஒரு மீட்டர் தூரத்தில் நிறுத்திக்கொண்டு, ஒரு முழுக்குக்கு ஒரு பாஸ் என்று மெதுவாகச் செய்யுங்கள். அடித்தரையின் டைல்ஸ் கோடுகள் உங்களுக்கு அளவுகோல். வட்டு ஒரே கோட்டின் மீது நேராகப் போகத் தொடங்கிய பிறகுதான் தூரத்தைக் கூட்டவேண்டும். கைக்கு உடற்பயிற்சி செய்வதில் தவறில்லை, ஆனால் இந்தக் கோளாறுக்கு அது மருந்து அல்ல. 2019ஆம் ஆண்டு பிலிப்பீன்ஸில் நடந்த தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டிகளில் இந்த ஆட்டமும் சேர்க்கப்பட்டிருந்தது. அதன் காணொளி கிடைத்தால் கோல்களை விட்டுவிட்டு, பாஸ் கொடுப்பவரின் தோளை மட்டும் பாருங்கள்.

கேள்வி (மெல்பர்னிலிருந்து ஒரு வாசகி): என் இடப்பக்கத்தில் இருப்பவருக்கு நன்றாகவே பாஸ் கொடுக்கிறேன். வலப்பக்கம் என்றால் கை வரவே மாட்டேன் என்கிறது. நான் வலக்கைக்காரி.

பதில்: உங்கள் கையில் குறை ஒன்றும் இல்லை. மட்டையை வலக்கையில் பிடித்தவருக்கு உடம்பின் குறுக்கே இடப்பக்கம் வீசுவது இயல்பான அசைவு. வெளிப்பக்கம் வீசும்போது தோளும் உதவாது, மணிக்கட்டும் பாதியிலேயே நின்றுவிடும். எவ்வளவு பழகினாலும் வலப்பக்க பாஸ் இடப்பக்க பாஸின் தூரத்தை எட்டாது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்வது நல்லது.

இரண்டு வழிகள் இருக்கின்றன. தோழர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால், மட்டையை வட்டின் மேலாகத் தூக்கி மறுபக்கம் போட்டு, வலது விளிம்பால் ஒரு மீட்டர் தள்ளிவிடுங்கள். அழகாக இருக்கவேண்டியதில்லை, போய்ச் சேர்ந்தால் போதும். தூரம் அதிகம் என்றால் கையைத் திருப்பாமல் உடம்பைத் திருப்புங்கள். வட்டை மட்டையின் மூலையில் அணைத்துக்கொண்டு வலப்பக்கமாக ஒரு வளைவு போட்டால், வலப்பக்கம் இருந்த தோழர் இப்போது உங்களுக்கு நேர் எதிரே, அல்லது சற்று இடமாக, அதாவது உங்களுக்கு வசதியான பக்கத்தில் இருப்பார். அந்த வளைவு நேரத்தில் உங்கள் தோளும் முதுகும் எதிரணிக்காரருக்கும் வட்டுக்கும் நடுவே மதில் போல இருக்கும் என்பது கூடுதல் இலாபம். எங்கே ஆடுவது என்று கேட்டால் வலது ஓரத்தைக் கேளுங்கள். அங்கிருந்து பார்த்தால் மைதானத்தின் நடுப்பகுதி முழுவதும் உங்கள் இடப்பக்கத்தில் இருக்கும்.

கேள்வி (லண்டனிலிருந்து ஒரு வாசகர்): எனக்கு வரும் பாஸ்கள் மட்டையில் பட்டுத் தெறிக்கின்றன, அல்லது மட்டையைத் தாண்டிப் போகின்றன. கண் பார்வையில் குறையோ என்று மருத்துவரிடம் கூடப் போய் வந்துவிட்டேன்.

பதில்: மருத்துவருக்குக் கொடுத்த பணம் வீண் அல்ல என்றாலும், குறை கண்ணில் இல்லை, மாஸ்க்கில் இருக்கிறது. மாஸ்க்குக்குள் காற்று, வெளியே நீர். நீரிலிருந்து காற்றுக்கு வரும் ஒளி கண்ணாடியைத் தாண்டும் இடத்தில் வளைவதால், பொருள்கள் உண்மையில் இருப்பதைவிட மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும், நான்கில் ஒரு பங்கு அருகிலும் தெரிகின்றன. வட்டு வந்துவிட்டது என்று கண் சொல்லும்போது அது இன்னும் வந்துகொண்டிருக்கிறது. நீங்கள் முன்னதாகவே மட்டையை அசைத்துவிடுகிறீர்கள்.

இதற்கு எளிய பரிகாரம் ஒன்று உண்டு. கையின் நீளத்தை மனத்தால் கணித்து மட்டையை வைக்காமல், மட்டையை முன்னே நீட்டி, அதன் நுனி எப்போதும் கண்ணில் படும்படி வைத்திருங்கள். வட்டையும் மட்டையையும் அதே கண்ணாடி வழியாக, அதே பிழையோடு பார்க்கும்போது இரண்டும் சந்திக்கும் இடத்தில் பிழை இருக்காது. தெறிப்பதற்குக் காரணம் வேறு: மட்டையை இறுக்கிப் பிடித்து, வரும் வட்டுக்குக் குறுக்கே சுவர் போல நிறுத்துகிறீர்கள். வட்டு தொடும் கணத்தில் கையை ஒரு சாண் பின்னுக்கு இழுத்து அதை வரவேற்கவேண்டும். கிரிக்கெட்டில் வேகமாக வரும் பந்தைப் பிடிப்பவர் கையைப் பின்வாங்குவதைப் பார்த்திருப்பீர்கள், அதுவேதான். மட்டையைக் கொஞ்சம் சாய்த்து வைத்தால் வட்டு விளிம்பு வழியே வழுக்கிக் கையருகே உள்ள மூலைக்குத் தானாகவே வந்து சேரும். அடுத்த பாஸுக்கு அது அங்கேதான் இருக்கவேண்டும் என்பதால், வாங்குவதிலேயே கொடுப்பதில் பாதி முடிந்துவிடுகிறது. பதற்றத்தில் மற்றக் கையை வட்டின் மேல் வைத்துவிடாதீர்கள், அது ஃபவுல்.

கேள்வி (டர்பனிலிருந்து ஒரு வாசகி): தனியாகப் பயிற்சி செய்யும்போது எல்லா பாஸும் சரியாக வருகிறது. ஆட்டத்தில் ஒன்றும் வருவதில்லை. வட்டு என்னிடம் வந்தவுடன் மூன்று பேர் சூழ்ந்துவிடுகிறார்கள், மூச்சும் முடிந்துவிடுகிறது, எங்கோ தள்ளிவிட்டு மேலே வந்துவிடுகிறேன்.

பதில்: வந்த கடிதங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், ஏனென்றால் இது என் முதல் இரண்டு ஆண்டுகளின் வரலாறு. நானும் வட்டு கிடைத்ததும் அதைப் புதையல் போலக் காத்து, நுரையீரல் எரியும் வரை வைத்திருந்து, இனி முடியாது என்ற நிலையில்தான் யாருக்காவது கொடுக்கப் பார்ப்பேன். அந்த நிலையில் கொடுக்கும் பாஸில் தோளும் இருக்காது, மணிக்கட்டும் இருக்காது. மேலே போகவேண்டும் என்ற அவசரத்தில் உடம்பு முன்பே எழும்பத் தொடங்கிவிட, மட்டை தரையை விட்டு எழுந்து, வட்டு அரை மீட்டர் நகர்ந்து எதிரணிக்காரரின் மூக்குக்கு நேரே நிற்கும். ஒரு மூத்த ஆட்டக்காரர் என்னிடம் கேட்ட கேள்வி இன்னும் நினைவிருக்கிறது: "நீ எப்போது பாஸ் கொடுக்க முடிவு செய்கிறாய்?" மூச்சு முடியும்போது என்று உண்மையைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, கீழே இறங்குவதற்கு முன்பே முடிவு செய்துவிட்டு இறங்கு என்றார்.

அதை எப்படிச் செய்வது என்று விரிவாகச் சொல்கிறேன். ஆட்டத்தின் வேகத்தில், விடாமல் உதைத்துக்கொண்டு ஒருவர் அடியில் பயனுள்ளவராக இருக்கும் நேரம் பெரும்பாலும் பத்து, பதினைந்து விநாடிகள்தான். ஆகவே ஒவ்வோர் ஆட்டக்காரரும் மேற்பரப்பில் ஸ்நார்கல் வழியாக மூச்சு வாங்கும் நேரமும் ஆட்ட நேரமே. முகம் நீருக்குள் இருக்கட்டும், கண் கீழே இருக்கட்டும். நம்மவர் எங்கே, யார் இப்போதுதான் இறங்கினார், யார் எழும்பப் போகிறார் என்று பார்த்துக்கொண்டே மூச்சு வாங்குங்கள். இறங்கிய பின் முகங்களைத் தேடாதீர்கள். கலங்கிய நீரில், குமிழிகளுக்கு நடுவே முகம் தெரியாது. ஓர் அணிக்குக் கறுப்பு மட்டை, மற்றதற்கு வெள்ளை மட்டை என்று வைத்திருப்பதன் பயன் இங்கேதான் தெரியும். மட்டையின் நிறத்தைத் தேடிக் கொடுங்கள்.

யாருக்குக் கொடுப்பது என்பதில் புதியவர்கள் எல்லாரும் முன்னோக்கியே பார்க்கிறார்கள். எதிரணியின் மட்டைகள் எல்லாம் அந்தப் பக்கத்தில்தான் இருக்கின்றன. பக்கவாட்டில் சற்றுப் பின்தள்ளி, தோளுக்குப் பின்னே உள்ள இடம் பெரும்பாலும் காலியாக இருக்கும். உங்களுக்கு ஆதரவாக வருபவர் இறங்கவேண்டிய இடமும் அதுவே. தாம் இறங்கிவிட்டதைத் தெரிவிக்க அவர் மட்டையால் தரையில் இரண்டு தட்டு தட்டுவது என்று உங்கள் அணிக்குள் ஓர் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். நீரில் ஒலி தெளிவாகக் கேட்கும், ஆனால் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று காதுக்குப் பிடிபடாது. அதனால் அவர் எப்போதும் ஒரே பக்கத்தில், சொல்லி வைத்த இடத்தில் இறங்குவது முக்கியம். இப்படி ஒரு பாதுகாப்பு பின்னால் இருக்கிறது என்று தெரிந்துவிட்டால், வட்டை இரண்டு மூன்று விநாடி முன்னே கொண்டுபோய், எதிராளியை உங்கள் பக்கம் இழுத்து, அவர் மட்டை நீட்டும் நேரத்தில் பின்னால் நழுவவிட்டு, மிச்ச மூச்சோடு நிதானமாக மேலே வரலாம். முன்னேறியது போலத் தெரியாது, ஆனால் வட்டு நம்மிடம் இருக்கிறது.

மூச்சு பற்றிப் பேசியதால் இதையும் சொல்லியாகவேண்டும். அதிக நேரம் அடியில் இருக்கலாம் என்று இறங்கும் முன் வேகவேகமாகப் பல முறை மூச்சு இழுத்து விடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால் உயிர்வாயு பெரிதாகக் கூடுவதில்லை. மூச்சு வாங்கு என்று உடம்பை எச்சரிக்கும் கரியமில வாயுதான் குறைந்துபோகிறது. எச்சரிக்கை வரும் முன்பே நினைவு தப்பிவிடும். நினைவு தப்பியவர் நீருக்குள் சத்தம் போடவும் மாட்டார். அமைதியாக இரண்டு மூன்று மூச்சு வாங்கி இறங்குங்கள். எவ்வளவு நன்றாக நீந்துபவராக இருந்தாலும் மூச்சடக்கும் பயிற்சியைத் தனியே செய்யாதீர்கள். தனியாகப் பயிற்சி செய்வதாக எழுதியிருக்கிறீர்கள்; இனி ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

கேள்வி (அதே ஊரிலிருந்து மற்றொருவர்): எதிராளியின் மட்டைக்கு மேலாக வட்டைத் தூக்கி அனுப்புவதை எப்போது கற்கலாம்?

பதில்: தரையோடு போகும் பாஸ் பத்துக்கு எட்டு முறை சரியாகப் போகத் தொடங்கிய பிறகு. அசைவு அதேதான், மட்டையின் முகம் வட்டுக்கு அடியில் சற்றுச் சரிந்திருக்கவேண்டும், மணிக்கட்டு கடைசியில் மேல்நோக்கித் திரும்பவேண்டும். அவசரப்பட்டுக் கற்றவர்களுக்குத் தட்டையான பாஸ் கெட்டுப்போவதை நிறையப் பார்த்துவிட்டேன். தூக்கிய வட்டு 1.3 கிலோ ஈயம் என்பதையும், எதிரே இருப்பது ஒருவருடைய முகம் என்பதையும் மறக்கவேண்டாம்.

கேள்வி (சென்னையிலிருந்து ஒரு வாசகர்): நீச்சல் நன்றாகத் தெரியும். இந்த ஆட்டத்தை நேரில் பார்த்ததில்லை. ஏன் இப்படி ஒன்றைக் கண்டுபிடித்தார்கள்? அணி சேரும் வரை நான் என்ன பழகலாம்?

பதில்: குளிர்தான் காரணம். 1954ஆம் ஆண்டு இங்கிலாந்தின் தென்கரையில், போர்ட்ஸ்மத் நகரை ஒட்டிய சவுத்சீயில், ஆலன் பிளேக் என்பவரும் அவருடைய ஆழ்நீர் நீச்சல் சங்கத்துத் தோழர்களும், கடலில் இறங்க முடியாத குளிர் மாதங்களில் உறுப்பினர்கள் சங்கத்தை மறந்துவிடாமல் இருக்க இதை உருவாக்கினார்கள். தொடக்கத்தில் அணிக்கு எட்டுப் பேர் என்பதால் எட்டுக்கால் கணவாயை நினைவூட்டும் 'ஆக்டோபுஷ்' என்ற பெயர் வைத்தார்கள். பிரிட்டனில் இன்னும் அப்படித்தான் அழைக்கிறார்கள். எட்டு ஆறாகிவிட்டது, பெயர் மாறவில்லை. முதல் உலகப் போட்டி 1980இல் கனடாவின் வான்கூவரில் நடந்தது.

போட்டிக்கு 2 மீட்டருக்குக் குறையாத ஆழமும் சமமான தரையும் உள்ள குளம் தேவை. பழகுவதற்கு அது வேண்டியதில்லை. ஃபின் அணிந்து நீந்தவும், ஸ்நார்கலில் புகுந்த நீரை ஒரே ஊதலில் வெளியேற்றவும், முழுகி எழுவதற்குள் தரையோடு தரையாகப் பத்து மீட்டர் போகவும், பக்கத்தில் ஒருவரைக் காவல் வைத்துக்கொண்டு பழகுங்கள். மட்டையை மரத்தில் நீங்களே இழைத்துக்கொள்ளலாம்; சுமார் 35 சென்டிமீட்டர் நீளத்துக்கு மேல் போகவேண்டாம், முனைகளை மழுங்கத் தேயுங்கள். நான் முதலில் சொன்ன அந்த அசைவை, அதாவது வட்டு மூலையிலிருந்து நுனி வரை உருண்டு விடுபடுவதை, வீட்டிலேயே முட்டி போட்டு உட்கார்ந்து பழகலாம். ஆனால் கீழே ஒரு மரப்பலகை போட்டுக்கொள்ளுங்கள். நான் போடாமல் பழகினேன். எங்கள் சமையலறையில் அடுப்பு மேடைக்குக் கீழே ஒரு டைல்ஸ் மட்டும் இன்றும் வேறு நிறத்தில் இருக்கிறது.